உப்பளத்துக்கு நேரே சைபர்

காசநோய் மருத்துவத்தை முறையாகக் கற்க வேண்டும் என்று டாக்டர் அருளப்பனுக்குத் தோன்றியபோது ஐம்பது வயது தாண்டியிருந்தது. இருபது வருடம் கடைத்தெருவில் கிளினிக் நடத்தியவர் அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்த டாக்டர் சுகிர்தா பத்து வயது இளையவர். இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வருட முடிவில் காசநோயாளிகளின் பட்டியலைப் பகுதிவாரியாக அருளப்பன் தயாரித்தார். கடைத்தெருவில் பத்தொன்பது பேர். ரயில்வே குடியிருப்பில் பதினொரு பேர். உப்பளத்துக்கு நேரே சைபர். உப்புக்காற்று நுரையீரலுக்கு நல்லது போலிருக்கிறது என்றார், பாதி விளையாட்டாக.

கடைத்தெருவில் எத்தனை பேருக்குச் சளி சோதித்தோம் என்று சுகிர்தா கேட்டார். நானூறு என்றார் அருளப்பன்.

"உப்பளத்துல?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"யாருக்கும் இல்ல மேடம். அவங்க வர்றதில்ல."

"ஒருத்தர்கூடவா?"

ஒருத்தி வந்திருந்தாள். பேச்சித்தாய். மூன்று முறை இருமலோடு வந்தவளுக்கு, உப்புத் தூசிதான் காரணம் என்று சொல்லி மூன்று முறையும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியவர் அருளப்பன். அவள் கடைசியாக வந்த அதே வாரம் ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கு நான்கு நாள் இருமலுக்கே சளி சோதனையும் எக்ஸ்ரேயும் எழுதியிருந்தார். இரண்டையும் சொன்னார்.

சுகிர்தா மறுநாள் விடியும்போதே சளி டப்பாக்களோடு அவரையும் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். அங்கே வேலை தொடங்கியிருந்தது. மதியம்வரை யாரும் பாத்தியை விட்டு நகர முடியாது. ஆஸ்பத்திரியில் சளி வாங்குவதோ பதினோரு மணியோடு முடிந்துவிடும். அருளப்பன் அதை அன்றுதான் யோசித்தார்.

வரப்பு வரப்பாக நடந்து அறுபது பேரிடம் சளி வாங்கினார். பேச்சித்தாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதத் தரச் சொல்லியிருந்தா அன்னைக்கே தந்திருப்பேனே சார்."

ஏழு பேருக்கு நோய் இருந்தது. பேச்சித்தாய்க்கு இரண்டு நுரையீரலிலும் பரவியிருந்தது. மருந்து கேட்டது, பிழைத்தாள். ஆனால் பழையபடி உப்பு வார அவளால் முடியவில்லை.

அருளப்பன் புதுப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். உப்பளத்துக்கு நேரே ஏழு என்று எழுதினார்.

"மேடம், உப்பளத்துக்கு இந்த நோய் எப்ப வந்திருக்கும்?"

"அது எப்பவோ வந்திருக்கும் சார். நம்ம பட்டியலுக்கு வந்தது, நாம போன அன்னைக்குத்தான்."