வாலில் ஒளிந்த எண்ணெய்

குளக்கரைக் காட்டில் மிருகங்கள் எல்லாம் கூட்டாக நெல் விளைவித்தன. அறுப்பதற்கு இருந்தது ஒரே ஒரு அறுவடை மெஷின். அதை ஓட்டியது வீரணன் என்ற கரடி. அதன் பெருத்த உடம்பு மெஷினின் இடுக்குகளில் நுழையுமா? அதனால் தினமும் காலையில் வள்ளிக்கண்ணு என்ற அணில்தான் உள்ளே போய் எண்ணெய், தண்ணீர், ரப்பர் குழாய் எல்லாம் பார்த்து வரும்.

"குழாய் ஈரமா, உலர்வா?" என்று கரடி கேட்கும். உலர்வு என்றால்தான் மெஷின் கிளம்பும். ஈரம் என்றால் அன்றைக்கு வேலை கிடையாது. அது அந்தக் காட்டின் கட்டுப்பாடு.

புரட்டாசிக் கடைசியில் மேகம் கூடியது. இன்னும் மூன்று வயல்தான் பாக்கி. கடைசி முறை, செவந்தி என்ற முயலின் பள்ளத்து வயலுக்கு. ஒரு மழை அடித்தால் போதும், கதிரெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். செவந்திக்கு ஐந்து குட்டிகள். அடைமழைக் காலம் முழுக்க அந்த நெல்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அணிலுக்கோ செவந்தி என்றால் உயிர்.

அன்று காலை ஒரு குழாயில் சொட்டு எண்ணெய் கசிந்திருந்தது. முன்னால் இருக்கும் பெரிய கத்திச் சட்டத்தைத் தூக்கிப் பிடிப்பதே அந்தக் குழாய்க்குள் ஓடும் எண்ணெய்தான். மலைக்கு அப்பாலிருந்து ஒரு நாரை மாற்றுக் குழாயைக் கொண்டுவர இரண்டு நாள் ஆகும். அணில் வானத்தைப் பார்த்தது. குட்டிகளை நினைத்தது. வாலால் குழாயைத் துடைத்தது.

"உலர்வு, அண்ணே!"

துடைத்த பிறகு உலர்வுதானே, இதில் பொய் எங்கே என்று மனசைத் தேற்றிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், வேறென்ன! மறுநாளும் துடைத்தது. இரண்டு வயலும் முடிந்தன. மூன்றாம் நாள் வால் நனைந்து கனத்தது. இன்று ஒரு நாள் தாங்கினால் போதும் என்று அணில் வேண்டிக்கொண்டது.

செவந்தியின் வயலில் பாதி அறுத்தாயிற்று. கத்தியில் வைக்கோல் சிக்கிக்கொண்டது. கரடி சட்டத்தை உயர்த்தி மெஷினை நிறுத்தியது. தன் வயலாச்சே என்ற அவசரத்தில் செவந்தி கீழே புகுந்து வைக்கோலை இழுத்தது.

"செவந்தி, வெளியே வா!" என்று அணில் அலறியது.

"இதோ முடிஞ்சுது அக்கா" என்றது செவந்தி.

குழாய் வெடித்தது. சட்டம் விழுந்தது. பாவம், முயலுக்குக் கத்தக்கூட நேரமில்லை.

கரடி இறங்கி ஓடிவந்து வெடித்த குழாயைப் பார்த்தது. பிறகுதான் அணிலின் கறுத்த வாலைப் பார்த்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு நாள்தானேம்மா போயிருக்கும்" என்றது.

மழை ஆறு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் புதுக் குழாயும் வந்து, மீதி வயலும் அறுபட்டு, குட்டிகளின் வளை நிறைய நெல் சேர்ந்திருந்தது. அணில்தான் உமி நீக்கி ஊட்டியது. சின்னக் குட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அம்மா வந்து ஊட்டட்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

கசிவைத் துடைத்தால் கண்ணுக்குத்தான் மறையும்; பழுதை உடனே சொன்னால்தான் உயிர் மிஞ்சும்.