மானுக்கு வந்த எருமை விருந்து

இலவமரத்தின் உச்சிக்கிளையில் கருமுகன் என்ற குரங்கு உட்கார்ந்திருக்கும். காட்டில் எது நடந்தாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது. சேதி சொல்ல அதனிடம் இரண்டு கரிச்சான் குருவிகள் இருந்தன. ஒன்றுக்கு மான்கள் மேயும் புல்வெளிக்கு மட்டுமே வழி தெரியும். மற்றதற்கு நரிப்பாறைக்கு மட்டுமே வழி தெரியும்.

இரண்டும் அச்சு அசலாக ஒரே கறுப்பு. எனவே காலையில் முதலில் வருவதை ‘ஒன்று’ என்றும், அடுத்து வருவதை ‘இரண்டு’ என்றும் கருமுகன் கூப்பிடும். புல்வெளிக் குருவிதான் எப்போதும் முதலில் வரும். மான் சேதி ஒன்றுக்கு, நரி சேதி இரண்டுக்கு. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று கருமுகனுக்கு நினைப்பு!

ஒருநாள் அடைமழை. புல்வெளிக் குருவி நனைந்துபோய்ப் பிந்தி வந்தது. கருமுகன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சேதிகளைச் சொல்லி அனுப்பிவிட்டது.

புல்வெளியில் செவலி என்ற மான் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் குட்டி ஈச்சம்புதரில் ஒளிந்திருந்தது. குட்டி எப்படி இருக்கிறது என்று தினமும் சேதி வரும். அன்று குருவி வந்து சொன்னது:

“மேட்டில் எருமை செத்துக் கிடக்கிறது. கூட்டத்தோடு வந்து வயிறாரச் சாப்பிடுங்கள்.”

செவலியின் வாயிலிருந்த புல் கீழே விழுந்தது. “எனக்கா? எருமைக் கறியா?”

“சொல்லச் சொன்னதைச் சொன்னேன். எனக்கென்ன தெரியும்?” என்றது குருவி.

‘இது நரிகளுக்கான சேதி. அப்படியானால் என் சேதி?’ செவலி ஈச்சம்புதரை நோக்கி ஓட்டமான ஓட்டம் பிடித்தது.

ஈச்சம்புதரை நரிகள் வளைத்துக்கொண்டிருந்தன. “ஈச்சம்புதரில் குட்டி தனியாகத் தூங்குகிறதாம், பக்கத்தில் யாரும் இல்லையாம்” என்று ஒரு நரி நாக்கைச் சப்புக்கொட்டியது.

செவலி தூரத்தில் நின்றபடியே கத்தியது: “மேட்டில் முழு எருமை கிடக்கிறது! நீங்கள் போவதற்குள் கழுகுகள் தின்று தீர்த்துவிடும்!”

நரிகள் அண்ணாந்து பார்த்தன. மழை ஓய்ந்த வானில், மேட்டுக்கு மேலே கழுகுகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவ்வளவுதான், விழுந்தடித்துக்கொண்டு ஓடின. செவலி குட்டியை நக்கி நக்கி அழுதது.

பிறகு நேராக இலவமரத்தடிக்குப் போனது. “சேதி மாறிவிட்டது. நீ ‘ஒன்று’ என்கிறாயே, அது யார்?”

“முதலில் வருகிறவன்.”

“அவன் பிந்தி வந்தால்?”

கருமுகன் தலையைச் சொறிந்தது. “வால் இறகைப் பார்த்துப் பெயர் வைக்கட்டுமா?”

“இறகு உதிர்ந்து வேறு முளைக்கும். பிறந்ததிலிருந்து மாறாததைப் பார்.”

புல்வெளிக் குருவிக்குப் பிறவியிலேயே ஒரு நகம் வெள்ளை. நரிப்பாறைக் குருவிக்குக் காலில் ஒரு விரல் குறைவு. வெண்ணகன், முவ்விரலன் என்று பெயர் வைத்தன.

அடுத்த மழையில் முவ்விரலன்தான் முதலில் வந்தது. ஆனால் செவலிக்கு அதன் குட்டியைப் பற்றிய சேதியே வந்தது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினியும், தன்னை வலையமைப்போடு இணைக்கும் நெட்வொர்க் கார்டுகளுக்கு முன்பெல்லாம் கண்டறிந்த வரிசையில் eth0, eth1 என்றுதான் பெயர் வைத்தது. காட்டுக் குருவியோ, நெட்வொர்க் கார்டோ, வந்த வரிசையில் வைத்த பெயர் வரிசையோடு மாறிவிடும். மாறாத அடையாளத்தில் வைத்த பெயரே நிலைக்கும்.