தொலைபேசியில் குரல் மெலிந்த கதை

அந்தக் காலத்தில் கடலும் பேசும், கடலில் வாழ்பவையும் பேசும். ஆனால் பேசியது வெகுதூரம் போகாது, காற்றில் கரைந்துவிடும். இக்கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் எதிரே தெரியும் தீவுக்கு ஒரு முனகல்கூடப் போய்ச் சேராது.

அந்தக் குறையைத் தீர்த்தவன் சிறுகாலன் என்ற மணல் நண்டு. கட்டைவிரல் நகம் அளவுதான் இருப்பான். அவன் வளை வாசலில் குனிந்து யாராவது பேசினால், உள்ளே வரும் ஒலியை அளந்து அளந்து மணல் உருண்டைகளாக உருட்டுவான். ஒலி ஏறினால் பெரிய உருண்டை, இறங்கினால் சிறிய உருண்டை. ஒரு வினாடிக்கு எட்டாயிரம் உருண்டை! மெல்லிய பேச்சு என்றால் மயிரிழை வித்தியாசத்தையும் விடாமல் உருட்டுவான். கூச்சல் என்றால் தோராயமாக உருட்டிவிடுவான். "கத்துறவங்க சொல்றது எப்படியும் கேட்டுடும். முணுமுணுக்கிறவங்களுக்குத்தான் நான் வேணும்" என்பான்.

மணல் திட்டுகள் நெடுக நின்ற நண்டுகள் அந்த உருண்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றித் தீவில் சேர்க்கும். அங்கே அவன் தங்கை பொடிச்சி அவற்றை வந்த வரிசையிலேயே அடுக்குவாள். அடுக்கியது படிக்கட்டுபோலக் கரடுமுரடாக இருக்கும். அலை நுரையைத் தொட்டு அதன்மேல் ஒரு தடவு தடவுவாள். உடனே அது வழுவழுவென்று குரலாக எழும்.

சிறுகாலனுக்கு ஒரே ஒரு பெருமை. "என் வாசலுக்குக் கதவே கிடையாது. வருகிற ஒலியில் ஒரு துளியையும் நான் விட்டதில்லை" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொள்வான்.

ஒரு நாள் மத்தியானம் செம்பாயி என்ற மீனவப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் மகள் நாகவல்லியைத் தீவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அன்று மாலை அவள் கைக்குழந்தையோடு தோணியேறி அம்மா வீட்டுக்கு வருவதாக இருந்தது. தென்கிழக்கிலோ வானம் கருங்கல்லாக இருண்டு நின்றது.

"சிறுகாலா, சீக்கிரம் உருட்டு!" என்று செம்பாயி வாசலில் குனிந்தாள். "நாகு, இன்னைக்குக் கிளம்பாதே. காத்து மாறுது."

அவன் உருட்டி அனுப்பினான். சற்று நேரத்தில் பொடிச்சி அங்கிருந்து உருட்டி அனுப்பிய பதில் வந்தது.

"அண்ணே, என்ன அனுப்பித் தொலைச்சே? ஒரு சொல்லும் விளங்கலை. யாரோ வலியில முனகுற மாதிரி 'ஊஊம்' என்று ஒரே சத்தம். அம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு நாகவல்லி அழறா. இப்பவே வரேன்னு தோணிக் கயிற்றை அவிழ்க்கப் போயிட்டா!"

"நான் எங்கேடா முனகினேன்?" என்று செம்பாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சிறுகாலன் வெளியே எட்டிப் பார்த்தான். கரையோரம் டால்பின் என்கிற ஓங்கில் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது.

"நீ முனகினாயா?"

"முனகலா? என்னைப் பார்த்தா? காது கூசுகிற மாதிரி சீழ்க்கையல்லவா அடித்தேன்!" என்று ஓங்கில் சிரித்தது.

சிறுகாலனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் ஓர் உருண்டையை உருட்டிவிட்டு அடுத்ததற்குக் கை வைப்பதற்குள் ஓங்கிலின் சீழ்க்கை இறங்கி, மறுபடியும் ஏறிவிடுகிறது. நடுவில் இருந்த இறக்கம் அவன் கண்ணில் படவே இல்லை. பட்டதை மட்டும் அடுக்கினால் கீச்சென்ற சீழ்க்கை, மெதுவாக ஏறி இறங்கும் முனகலாக வேடம் போட்டு வந்துவிடுகிறது. போதாததற்கு அடியில் கடலின் உறுமல் வேறு. உருண்டையான பிறகு எது நிஜம், எது வேடம் என்று யாராலும் பிரிக்க முடியாது. பிரிப்பதென்றால் வாசலிலேயே பிரிக்க வேண்டும்.

"கொஞ்சம் வாயை மூடேன்" என்றான்.

"நான் மூடினால் என் கூட்டம் மூடுமா? கடல் மூடுமா?" என்றது ஓங்கில்.

அவன் ஓடிப்போய்க் கரை ஒதுங்கிய கடல்விசிறி ஒன்றையும் கடற்பஞ்சு ஒன்றையும் இழுத்து வந்தான். விசிறியின் வலை தடித்த உறுமலைத் தடுக்கும். பஞ்சு கூரிய கீச்சொலியை உறிஞ்சும். இரண்டையும் வாசலில் பொருத்தப் போனவன், தயங்கி நின்றான்.

"ஆத்தா, உன் குரலிலேயும் அடியில் ஒரு கார்வை இருக்கு. நுனியில் ஒரு கூர்மை இருக்கு. இதை வைத்தால் அதுவும் போயிடும். நடுவில் உள்ளதுதான் அக்கரை சேரும்."

"என் மக என்னைக் கண்டுபிடிப்பாளா?"

"தெரியலை."

செம்பாயி கடலைப் பார்த்தாள். முதல் பெரிய அலை திட்டின்மேல் ஏறி உடைந்தது.

"வைடா. நான் யாருன்னு தெரியாட்டாலும் போகட்டும். சொல்லு போய்ச் சேரணும்."

அவன் வைத்தான். அவள் பேசினாள். அங்கே பொடிச்சியின் வளையிலிருந்து நாணல் குழாயில் பேசுவதுபோல ஒரு மெலிந்த குரல் எழுந்தது. முனகல் இல்லை, உறுமல் இல்லை. தோணியில் ஒரு கால் வைத்திருந்த நாகவல்லி திரும்பினாள்.

"யாரது பேசுறது?" பொடிச்சி அதையும் உருட்டி அனுப்ப, அக்கரையிலிருந்து செம்பாயியின் பதில் சீறி வந்தது.

"யாரதாம் யாரது! பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் புயல்ல கிளம்புறவளுக்குக் கேள்வியைப் பாரு! கயித்தைக் கட்டுடி முதல்ல!"

நாகவல்லி அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மா! நீதானா? ஏன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுறே?"

அவள் குழந்தையோடு இறங்கித் தோணியைத் தென்னையில் இறுகக் கட்டினாள். சற்றைக்கெல்லாம் புயல் கரையேறியது.

அன்று முதல்தான், சிறுகாலன் வழியிலேயே, மணலிலிருந்து பிறந்த குரல் சில்லு என்கிற குட்டி 'சிப்' தொலைபேசிக்குள் உட்கார்ந்து, வருகிற ஒலியின் அடியையும் நுனியையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு நடுவை மட்டும் எண்ணி அனுப்புகிறது. தொலைபேசியில் வரும் அம்மாவின் குரல் கொஞ்சம் மெலிந்திருப்பதும், ஆனாலும் முதல் அதட்டலிலேயே அவளை நமக்குத் தெரிந்துவிடுவதும் அன்று முதல்தான்.