பன்னிரண்டு வருட உத்தரவாதம்

ஆளவந்தார் மின்சாரப் பேருந்து செய்யும் கம்பெனி ஒன்றில் தலைமைப் பொறியாளர். தவச்செல்வி அம்மாவிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தபோதே அவருக்குத் தலை நரைத்திருந்தது. குருவுக்கோ இன்னும் நாற்பது ஆகவில்லை. அதில் இருவருக்கும் சங்கடம் ஏதும் இல்லை.

அம்மா அவருக்கு முதன்முதலில் சொன்னது ஒன்றுதான். "தெரிஞ்சதை மட்டும் பேசுங்க." அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆளவந்தார் ஒன்றைச் சொன்னால் அதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று ஆபீசில் பேர் வாங்கினார்.

ஒருநாள் காலை முகம் வாடி வந்து உட்கார்ந்தார். சில நாளாக வேலைக்கும் லீவு போட்டிருந்தார்.

"நம்ம ஊருக்குப் போக்குவரத்துக் கழகத்துல முந்நூறு பஸ் கேக்குறாங்கம்மா. பேட்டரிக்குப் பன்னிரண்டு வருஷம் உத்தரவாதம் தரணுமாம். நான் கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும்."

"போட வேண்டியதுதானே?"

"பேட்டரி நாளாக நாளாகத் தளர்ந்துதான் போகும். எது எப்போ காலை வாரும்னு யாருக்கும் தெரியாது. அப்போ நானே இருப்பேனோ என்னவோ. தெரியாத விஷயத்துக்கு எப்படி வாக்குக் கொடுக்கிறது?"

"கொடுக்கலைன்னா?"

"வாங்க மாட்டாங்க. பழைய டீசல் வண்டிதான் ஓடும். சிக்னல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்குதுங்க, பார்த்திருப்பீங்க."

தவச்செல்வி ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்துக்கொண்டார்.

"கடைத்தெருவுக்குப் போகணும். வாங்க, பஸ்ல பேசிக்கிட்டே போவோம்."

வந்தது மின்சாரப் பேருந்து. வெள்ளோட்டமாக நகரில் விட்டிருந்த சில வண்டிகளில் ஒன்று. ஆளவந்தாரின் கம்பெனி செய்ததுதான். சத்தமே இல்லாமல் போயிற்று. முன் இருக்கையில் ஒருத்தி கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முணுமுணுத்த தாலாட்டு பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்டது.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி மெல்ல ஓய்ந்து, நின்றுவிட்டது.

ஓட்டுநர் டிப்போவுக்குப் போன் போட்டார். கண்டக்டர் பெண் எல்லோரையும் பார்த்து, "சொல்லியாச்சு, ஆள் வர்றாங்க," என்றாள். ஏசியும் நின்றுபோக, வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பாதிப் பேர் ஏதேதோ சொல்லியபடி இறங்கி, ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்கள்.

ஆளவந்தார் எழுந்து ஓட்டுநரிடம் போய்ப் பார்த்தார். கையில் கருவி எதுவும் இல்லாமல் அவரால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

தவச்செல்வி முன் இருக்கைப் பக்கம் குனிந்தார். "நீ இறங்கலையாம்மா?"

"இல்லீங்கம்மா. ஆள் வர்றாங்கன்னு அந்தக்கா சொன்னாங்கல்ல?"

"எப்போ வருவாங்க?"

"அது தெரியலீங்க." குழந்தையின் கழுத்து வேர்வையை முந்தானையால் ஒற்றினாள். "வருவாங்க."

ஆளவந்தார் ஆற்றைப் பார்த்தபடி, யாரோ கேட்டதுபோல, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"குமுதவல்லிக்குக் கை நடுங்குதும்மா." குமுதவல்லி அவர் மனைவி. "நரம்பு வியாதின்னு டாக்டர் சொல்லிட்டார். போகப் போகக் கூடுமாம். ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற வழியில, நடுங்குற கையை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டே கேட்டா. கடைசி வரைக்கும் என்னைப் பார்த்துக்குவீங்களான்னு."

"என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்னு சொன்னேன்."

தவச்செல்வி அவர் பக்கம் திரும்பினார்.

"நான் பொய் சொல்லலைம்மா."

"இல்லை. சொல்லலை."

"அன்னைலேருந்து அவ என்கிட்ட எதுவுமே கேக்குறதில்லை. மத்தியானம் சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடுறா. சோறு சிந்துறதை நான் பார்த்துடக் கூடாதாம். தட்டுல ஸ்பூன் மோதுற சத்தம் மட்டும் கேக்கும். நான் வெளியே உக்காந்திருப்பேன்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெயில் உச்சிக்கு ஏறியபோதுதான் டிப்போ வேன் வந்து பின்னால் நின்றது. இரண்டு பேர் இறங்கி, ஒரு மூடியைத் திறந்து, எதையோ கழற்றி வேறொன்றை மாட்டினார்கள். ஏசி மறுபடி குளிர்ந்தது. வண்டி நகர்ந்தது. குழந்தை விழிக்கவே இல்லை.

"நாங்க செஞ்ச வண்டிம்மா," என்றார் ஆளவந்தார். "நடுப்பாலத்துல நின்னுடுச்சு."

"ஆமா, நின்னுச்சு."

"அப்புறம் எந்த முகத்தோட நான் கையெழுத்துப் போடுறது?"

"பேட்டரி தளரவே தளராதுன்னா அந்தத் தாள்ல போட்டிருக்கு?"

"இல்லை." அந்த வாசகம் அவருக்கு மனப்பாடம். "தளர்ந்தா, சொன்ன உடனே வந்து பாக்கணும். சரி பண்ணணும். முடியலைன்னா மாத்திக் கொடுக்கணும்."

"யார் வரணும்?"

"நான் இருக்கிற வரைக்கும் நான். அதுக்கப்புறம்…"

"நான் இருக்கிற வரைக்கும்," என்று தனக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

கொஞ்ச தூரம் போனபின் அம்மா, "உங்க வீட்டு ஸ்டாப் எது?" என்றார்.

"அடுத்ததும்மா."

"இறங்கிக்குங்க. கடைக்கு நான் போய்க்குவேன். சாப்பாட்டு நேரமாச்சு."

ஆளவந்தார் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அவகிட்ட என்னன்னு சொல்றதும்மா? நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்கு இப்பவும் தெரியாதே."

வண்டி நின்றது. கதவு திறந்தது.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார் தவச்செல்வி. "கதவைத் தட்டுங்க."