ஆராய்ச்சி மேட்டுக் கிழங்குக் கடை

காட்டாற்றின் கரையில் ஒரு மேடு. அதில் கீரிகள் பள்ளி நடத்தின. எந்த வேர் விஷம், எந்த வேர் அதை முறிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. ஆராய்ச்சி மேடு என்று காடே அதை மரியாதையாகச் சொல்லும்.

பள்ளித் தலைவி செம்பி என்ற கீரி. கெட்டிக்காரிதான். ஆனால் போன மழையில் வெள்ளம் புகுந்து வளைகளும் மருந்துப் பாத்தியும் நாசமானதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. காட்டு மன்றத்தில் போய் உதவி கேட்டாள்.

"பொதுவுல குடுக்க ஒண்ணும் இல்லை. தெம்புள்ள யாரையாவது கூட்டுச் சேர்த்துக்கோ" என்று சொல்லிவிட்டது யானை. சொல்வது யானைக்குச் சுலபம்.

கூட்டுக்கு வந்தான் கோரையன் என்ற காட்டுப்பன்றி. மூக்காலேயே மண்ணைக் கிளறித் தள்ளி ஆற்றோரம் கரை கட்டிக் கொடுத்தான். பதிலுக்குப் பள்ளி வாசலில், புங்கமர நிழலில், கிழங்குக் கடை போட்டுக்கொண்டான். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தான்.

"என் சரக்கைப் பத்தி உங்களுக்கு எது தெரிஞ்சாலும் எங்கிட்டதான் முதல்ல சொல்லணும். நான் சரின்னா மட்டும்தான் வெளியே சொல்லலாம்."

கிழங்கில் என்ன பெரிய ரகசியம் இருக்கப்போகிறது என்று செம்பி தலையாட்டிவிட்டாள். அவ்வளவு படித்தவளின் புத்தி அன்றைக்கு எங்கே புல் மேயப் போயிருந்ததோ!

கடை சக்கைப்போடு போட்டது. காளானோ தேனடையோ கொடுத்துக் கிழங்கு வாங்கிப் போகத் தூரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள்.

மறுபடி மழைமேகம் திரண்ட ஒரு விடியற்காலையில், கடையில் புதுக் கிழங்கு குவிந்து கிடந்தது. செம்பி சும்மா ஒரு துணுக்கைக் கடித்துப் பார்த்தாள். நாக்கு மரத்துப்போனது. கோரையனிடம் ஓடினாள்.

"அண்ணே, இது விஷக் கிழங்கு. கடையை மூடுங்க."

"நான் தின்னேனே, ஒண்ணும் ஆகலையே."

"உங்க வயிறு வேற. குட்டிங்க தாங்காது."

கோரையன் வானத்தைப் பார்த்தான். பிறகு கரையைப் பார்த்தான். "குவிச்சது வித்துத் தீரட்டும், சாயங்காலம் பேசுவோம். கரையோட வடக்கு மூலை இன்னும் ஈரமாத்தான் இருக்கு. நான் ஒரு முட்டு முட்டினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

செம்பிக்குத் தெரியும். வளைகளுக்குள் கண் திறக்காத கீரிக் குட்டிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் அவளைப் பாவம் என்று சொல்ல முடியாது. கடைக்குக் கூட்டம் சேர்வதை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

உச்சிப்பொழுதில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தாள். குட்டியின் வாயில் நுரை. கால்கள் விறைத்திருந்தன.

"அக்கா, என் பிள்ளையைப் பாருங்க அக்கா."

"என்ன தின்னுச்சு?" என்று கேட்டாள் செம்பி.

"காலையில உங்க வாசல்ல வாங்கின கிழங்குதான். வேற எதுவும் இல்லை."

"மோந்து பார்க்கலையா? உன் மூக்குக்குத் தெரியாத கிழங்கா?"

"எப்பவும் மோந்து பார்த்துட்டுத்தான் குடுப்பேன். இது உங்க வாசல்ல விக்கிறதாச்சே. நீங்க பார்க்காமலா விட்டிருப்பீங்கன்னு அப்படியே குடுத்துட்டேன்."

செம்பி நிழலை மட்டும்தான் வாடகைக்கு விட்டோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கோரையன் மெல்ல அவள் பக்கம் வந்தான். "மருந்தைக் குடுத்து அனுப்பு. கிழங்குன்னு மட்டும் வாயைத் திறக்காதே." வானம் உறுமியது.

பாத்தியில் முறிவு வேர் கொஞ்சம்தான் இருந்தது. கிழங்கு வாங்க நின்ற வரிசையோ புங்கமரத்தைச் சுற்றி வளைந்து போயிருந்தது. செம்பி வேரைத் தோண்டி, மென்று, சாற்றைக் குட்டியின் வாயில் விட்டாள். மிச்ச வேரைக் கையோடு எடுத்துக்கொண்டாள். பிறகு கிழங்குக் குவியலின் மேல் ஏறி நின்றாள்.

"யாரும் தின்னாதீங்க! இது விஷம். விடியும்போதே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

வரிசை கலைந்தது. கோரையன் நேரே வடக்கு மூலைக்குப் போய் முட்டினான். கரை வாய் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. கீரிகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு பாறைக்கு ஓடின. வளைகள் மூழ்கின. மருந்துப் பாத்தி ஆற்றோடு போனது.

மழை விட்டதும் முள்ளம்பன்றிகள் கூட்டமாக வந்து, பாறையோரம் புது வளைகள் தோண்டத் தொடங்கின. சிலுப்பியின் குட்டி கண் விழித்து முனகியது. செம்பி மிச்சமிருந்த வேரை நீட்டினாள்.

"இன்னொரு வேளை குடும்மா. சரியாயிடும்."

சிலுப்பி நன்றியோடுதான் வாங்கினாள். ஆனால் குட்டிக்குக் கொடுக்குமுன் அதை ஒருமுறை மோந்து பார்த்தாள்.

செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஊர் நம்பும் இடத்தில் இருப்பவர்கள் யாரோடு கூட்டுச் சேர்ந்தாலும், உண்மையைச் சொல்லும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.