சாத்தங்கோட்டை மிஷினுக்கு பஃபர் போதவில்லை

சாத்தங்கோட்டை கூட்டுறவு நூற்பாலையில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அதுவும் மனுஷர்களுக்காகப் போட்டதில்லை. உள்ளே யூனிக்ஸ் என்ற பழைய ரகக் கம்ப்யூட்டர் மிஷின் ஒன்று இருந்தது. அதற்கு வெக்கை ஆகாது. நெசவாளர் சங்கங்கள் அனுப்பும் நூல் ஆர்டர்களைக் கம்பி வழியாக வாங்கி வைத்துக்கொள்வது அதன் வேலை. அது வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது மூன்று பேருடைய வேலை.

மூவரில் மூத்தவர் கோமதிநாயகம். அவருக்கு வேர்க்குரு உடம்பு. சித்திரை மாதத்தில் ஊரே விசிறியும் கையுமாக அலையும்போது அவர் மட்டும் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த அறையை அவர் நேசித்த அளவுக்கு வேறு எதையும் நேசித்ததில்லை. இதை அவருடைய மனைவியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். மற்ற இருவர் சூசையப்பனும் மங்கையர்க்கரசியும். மூவருக்கும் பொதுவாக ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள்.

ஒரு புதன்கிழமை காலையில் மிஷின் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டது. பஃபர் போதவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. மேனேஜர் வந்து அதைப் படித்தார். மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்கு நான் வருவேன். அப்ப இந்த மிஷின் மக்கர் பண்ணக் கூடாது. பண்ணுச்சுன்னா மூணு பேரும் பஞ்சுக் கிடங்குக்குப் போய் மூட்டை எண்ணுங்க.”

கிடங்குக்குத் தகரக் கூரை. ஃபேன் போட்டால் பஞ்சு பறக்கும் என்று ஃபேனும் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் கோமதிநாயகத்துக்கு முதுகு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த மாதிரி மிஷின்களின் நாடி தெரிந்தவர் சென்னையில் ஒருவர்தான், இன்ஜினியர் ஃபரீதா மேடம். கோமதிநாயகம் அவருக்கு போன் போட்டு, பஃபர் என்றால் என்ன என்று கேட்டார்.

“மிஷினுக்குள்ள சின்னச் சின்ன டப்பா இருக்குன்னு வச்சுக்கோங்க சார். வெளியிலிருந்து வர்ற தகவல் முதல்ல அதுலதான் விழும். உங்களுக்கு இப்ப டப்பா பத்தலை.”

மேடம் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் கோமதிநாயகம் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டார். விஷயம்தான் விளங்கிவிட்டதே.

சூசையப்பன் கேன்டீனுக்குப் போய் நாற்பது எவர்சில்வர் டப்பாக்களைக் கெஞ்சி வாங்கிவந்தார். கழுவித் துடைத்து மிஷினின் மேலும் பக்கவாட்டிலும் அடுக்கினார்கள்.

“மூடி போட்டுரலாமா அண்ணாச்சி?” என்று கோமதிநாயகத்தைக் கேட்டார் சூசையப்பன்.

“மூடி போட்டா தகவல் எப்படிவே உள்ள விழும்?”

“திறந்து வச்சா தூசி விழும் சார்,” என்றார் மங்கையர்க்கரசி.

இதுவும் நியாயமாகப் பட்டது. அரை மணி நேரம் பேசி, பாதி மூடி வைப்பது என்று முடிவானது.

டப்பாக்கள் மிஷினின் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டன. மிஷின் சூடேறி அணைந்துபோனது. மறுபடி போட்டதும் கொஞ்ச நேரம் சமர்த்தாக ஆர்டர் வாங்கியது. மூவரும் டப்பாக்களைக் கும்பிட்டார்கள். சாயங்காலம் அதே வரி திரும்ப வந்தது. சூசையப்பன் ஒவ்வொரு டப்பாவாக எட்டிப் பார்த்தார்.

“எல்லாம் காலியாத்தான் இருக்கு அண்ணாச்சி. குறை நம்ம டப்பாவுல இல்லை.”

டப்பாக்கள் கேன்டீனுக்கே திரும்பிப் போயின. வியாழக்கிழமை காலை மேடமே கூப்பிட்டார். உள்ளே இருக்கும் டப்பாக்களில் எத்தனை செலவாகியிருக்கிறது என்று மிஷினே எண்ணிச் சொல்லும் கட்டளை ஒன்றைக் கொடுத்தார். “அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதி வைங்க. மூணு பேருமே பாருங்க. என்னைக் கேக்காம எதையும் மூடிடாதீங்க.”

மூவரும் ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு புது விண்டோ திறந்து மிஷினுக்குள் போய் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். பார்த்த விண்டோவை மூடவில்லை; மூடத்தான் மேடம் சொல்லவில்லையே. திறந்த விண்டோ ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டது. மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறில் காலையில் நாற்பது செலவாகியிருந்தது, பதினோரு மணிக்கு நூற்று இருபதாகிவிட்டது.

“நாம பாக்கப் பாக்க ஏறுது அண்ணாச்சி,” என்றார் சூசையப்பன்.

“அதனாலதான்வே இன்னும் அடிக்கடி பாக்கணும்.”

நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் இருநூற்று ஐம்பத்தாறும் தீர்ந்து மிஷின் மரம் மாதிரி நின்றது. கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அக்கறையாகப் பார்த்தும் இப்படிப் பண்ணுகிறதே என்று அவருக்கு ஆற்றாமை.

வெள்ளிக்கிழமை காலை அவர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மேடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “எல்லா விண்டோவையும் மூடுங்க. டப்பா வரம்பை ஐந்நூத்துப் பன்னிரண்டா மாத்துங்க. அப்புறம் மிஷினை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. ஆனா மிஷினுக்குள்ள யாரும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் அணைக்கணும்.”

முதல் இரண்டையும் மங்கையர்க்கரசி ஒழுங்காகச் செய்தார். அணைப்பதற்கு முன் கோமதிநாயகம் தன் பெயரை அடித்து மிஷினுக்குள் போய், யார் யார் இருக்கிறார்கள் என்று மிஷினைக் கேட்டார். ஒரே ஒரு பெயர் வந்தது.

“கோமதிநாயகம்னு ஒருத்தர் இருக்காருவே.”

“அது நீங்கதான் அண்ணாச்சி. வெளிய வாங்க, நான் பாக்கேன்.”

சூசையப்பன் பார்த்தார். ஒருவர் இருந்தார், சூசையப்பன். அவரும் வெளியே வந்த பிறகு மங்கையர்க்கரசி பார்த்தார். அப்போதும் ஒருவர் இருந்தார்.

“ஆள் மாறுது சார், எண்ணிக்கை மாறலை,” என்றார் மங்கையர்க்கரசி.

மூவரும் மாறி மாறி ஒன்பது தடவை பார்த்தார்கள். யாரும் இல்லை என்று பார்க்க ஒருவர் போக வேண்டியிருந்தது. போனால் ஒருவர் இருந்தார். மணி பதினொன்றே முக்கால். அறைக்குள் இருந்தால் கை தானாக விசைப்பலகைக்குப் போய்விடும் என்று பயந்து, அறையைப் பூட்டிக்கொண்டு மிஷினிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனார்கள். ஆலையின் கடைசிக் கோடியில் இருந்தது பஞ்சுக் கிடங்கு. கோமதிநாயகம் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் மேனேஜர் அவர்களை ஆலை முழுக்கத் தேடிவிட்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “அறையைப் பூட்டிட்டு இங்க என்னய்யா பண்றீங்க?”

“மிஷினுக்குள்ள யாரும் இல்லைன்னு உறுதி பண்ணணும் சார்,” என்றார் கோமதிநாயகம். சொல்லும்போதே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கிடங்கு போனை எடுத்து ஏசி அறையின் எண்ணைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“உறுதியாயிருச்சு சார். உள்ள ஒருத்தருமில்லை. இனி அணைச்சுரலாம்.”

“அணைக்க ஒருத்தர் உள்ள போகணுமே அண்ணாச்சி,” என்றார் சூசையப்பன்.

கோமதிநாயகம் அதையும் யோசித்து வைத்திருந்தார். எழுந்து போய், கிடங்குச் சுவரில் இருந்த ஆலையின் மெயின் ஸ்விட்சை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

ஆலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த இருபதாயிரம் கதிர்களும் ஒன்றாக நின்றன. நானூறு தொழிலாளர்கள் ஒன்றும் புரியாமல் வாசலுக்கு வந்தார்கள். அந்த அமைதியில் மேனேஜரின் கைக்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. கோமதிநாயகம் அதை எட்டிப் பார்த்தார்.

“பன்னெண்டு மணி சார்,” என்றார் நிம்மதியாக, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே. “மிஷின் மக்கர் பண்ணலை. நாங்க ரூமுக்குப் போகலாமா?”