கடலுக்குப் போன பந்து

மத்தியானக் கஞ்சிக்கு மணி அடித்த நேரத்தில் ஆசிரமத்து வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பெல்லார்மின் எட்டிப் பார்த்தார். இறங்கிய இரண்டு பேரில் ஒருவரை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

வந்தவர் ததேயு. புன்னைத்துறை கால்பந்துக் குழுவின் செயலாளர்.

ஒரு காலத்தில் பெல்லார்மின் என்றால் புன்னைத்துறைக்கு உயிர். மாநில அணிக்கு ஆடியவர். கல்கத்தாவரை போய்ப் பேர் வாங்கி வந்தவர். பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். முட்டியில் வலி கண்டு, இதுதான் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டு செபஸ்தியார் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இறங்கினார். எதிரே பக்கத்து ஊரான மணவாளத்துறை. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது. அடித்தவர் பெல்லார்மின். கோல் விழவில்லை. கோப்பை மணவாளத்துறைக்குப் போயிற்று.

தோற்றதைக்கூட ஊர் தாங்கியிருக்கும். யாரிடம் தோற்றோம் என்பதைத் தாங்கவில்லை. அவன் விலை போய்விட்டான் என்று பேச்சு கிளம்பியது. ஆட்டம் தெற்கே வேறொரு ஊரில் நடந்தது. திரும்பி வரும் வழியில் இதே ததேயுதான் வேனை நிறுத்தி, "நீ நடந்து வா" என்று அவரை இறக்கிவிட்டார். அவரோடு கூடவே குதித்து இறங்கியவன் ஒருவன்தான், கோல்கீப்பர் கஸ்பார். இரண்டு பேரும் வாய் பேசாமல் ஊர்வரை நடந்தார்கள். வந்து பார்த்தால், அக்கா லில்லியின் வீட்டுச் சுவரில் கறுப்புத் தாரை ஊற்றியிருந்தார்கள்.

மறுவாரம் பெல்லார்மின் ஊரை விட்டார். சுற்றி அலைந்து, மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த இந்த ஆசிரமத்தில் வந்து ஒதுங்கினார். நடத்தியவர் மரகதவல்லி அம்மா. பெல்லார்மினைவிட வயதில் இளையவர். நீ யார், எந்த ஊர், எந்தச் சாமி என்று எதுவும் கேட்கவில்லை.

"மாடு பார்க்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதும்மா. கத்துக்கிடுதேன்."

அப்படிச் சேர்ந்த சீடர். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

ததேயு தொழுவத்துக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மக்கா, எங்கெல்லாம் தேடுனோம் தெரியுமா? உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தோம். இந்தத் திருவிழா ஆட்டத்துக்கு நீதான் தலைமை. பொன்னாடை போடுதோம். மைதானத்துப் புது கேலரிக்கு உன் பேருதான்."

"எதுக்கு?" என்றார் பெல்லார்மின்.

கூட வந்தவன் ரெக்சன். ஆட்டோ ஓட்டுகிறவன். "என்னண்ணே இப்படிக் கேக்குதீங்க. நீங்க போனப்புறம் நம்ம டீம் ஒரு பைனல் கண்டதில்ல. பெல்லார்மின் காலம் மாதிரி வருமான்னுதான் ஊர்ல பேச்சு. உங்க பழைய கோலை எல்லாம் பயலுவ போன்ல போட்டுப் பாக்கானுவ."

பெல்லார்மின் ததேயுவைப் பார்த்தார். "அன்னைக்கு வேன்ல..."

"அதெல்லாம் எவனோ நாலு பேரு செஞ்ச வேலை, மக்கா. நாங்க அன்னைக்கும் உன் பக்கந்தான நின்னோம்."

ததேயுவின் முகத்தில் கள்ளம் இல்லை. மனசார நம்பித்தான் சொன்னார். பெல்லார்மினை உலுக்கியது அதுதான். பொய் என்றால் கோபப்படலாம். இதை என்ன செய்வது?

அம்மா வந்து விருந்தாளிகளைச் சாப்பிடக் கூப்பிட்டார். கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும். வரிசையில் உட்கார்ந்தார்கள். பெல்லார்மின் ஓரமாக உட்கார்ந்து கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"எனக்குப் பந்தாட்டம் தெரியாது," என்றார் அம்மா. "இவரும் இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்தப் பெனால்டிங்கிறது என்ன? பந்து எங்கே போச்சு?"



ரெக்சன்தான் முந்திக்கொண்டான். "எங்க போச்சுன்னா கேக்குதீங்க? கோல் பாருக்கு மேல போச்சும்மா. மைதானத்துக்கு அந்தப் பக்கம் கடல். நேரா கடல்ல போய் விழுந்துது. நான்தான் நீந்திப் போய் எடுத்துட்டு வந்தேன்."

"போலே," என்றார் ததேயு. "கோல் போஸ்ட்ல பட்டுது. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல நிக்கி."

"போஸ்ட்ல பட்டது அதுக்கு முந்துன ஆட்டத்துல."

"அதுல எங்கலே பெனால்டி? நான் கோலுக்குப் பின்னால நிக்கேன். வலது போஸ்ட்."

"நீங்க எங்க பின்னால நின்னீங்க? தலைவர் பக்கத்துல நாற்காலியில இருந்தீங்க."

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. அம்மா ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். பிறகு ஓரத்துக்குத் திரும்பினார்.

"அடிச்சவர் நீங்கதானே, பெல்லார்மின். நீங்க சொல்லுங்க."

பெல்லார்மின் கஞ்சியைக் கலக்குவதை நிறுத்தினார். இத்தனை வருஷமும் கண்ணை மூடினால் அவருக்கு வந்த காட்சி அது ஒன்றுதான். பால் கறக்கும்போது வரும். ஜபத்தில் உட்கார்ந்தால் வரும். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"எங்கயும் போகலம்மா," என்றார். "கால்ல சரியா படல. மெதுவா உருண்டு நேரா அவனுவ கோல்கீப்பர் கைக்குத்தான் போச்சு. அவன் நின்ன இடத்தைவிட்டு அசையல. குனிஞ்சு, பிள்ளையத் தூக்குத மாதிரி எடுத்துக்கிட்டான்."

மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இல்லண்ணே," என்றான் ரெக்சன் பரிவோடு. "உங்களுக்கு அப்ப மனசு சரியில்ல. கடலுக்குத்தான் போச்சு. நான் நீந்துனேம்லா?"

"ஆமா மக்கா," என்றார் ததேயு. "உனக்கு மறந்துபோச்சு. போஸ்டுதான்."

பெல்லார்மின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ரெக்சன் எழுந்து வந்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. கஞ்சிக் கிண்ணம் சரிந்தது. என்னவென்று புரியாமலே ரெக்சனும் சிரித்தான். ததேயு மட்டும், "போஸ்டுதாம்லே," என்று முணுமுணுத்தார்.

சிரித்து ஓய்ந்ததும் பெல்லார்மினுக்குப் பசித்தது. இன்னொரு கிண்ணம் கஞ்சி வாங்கிக் குடித்தார்.

ரெக்சனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கிளப் ரூம்ல உங்க படத்தைப் பெருசா போட்டு மாட்டியாச்சு, அண்ணே. உங்க அக்கா வீட்டுக்கும் நாங்களே வெள்ளையடிச்சுக் குடுத்தோம்."

"கிளப் ரூம்ல கஸ்பார் படம்லா இருந்தது?"

ரெக்சனின் முகம் மாறியது. "அவன் பேச்சை எடுக்காதீங்க. மணவாளத்துறையில பொண்ணு கட்டி அங்கயே போயிட்டான். இப்ப அவனுவ டீமுக்குக் கோச். போன வருஷம் நம்மளத் தோக்கடிச்சதே அவன்தான். துரோகி. படத்தைக் கழட்டி வெளியில போட்டாச்சு."

"அப்ப என் படம்?"

"அதே ஆணியிலதான் மாட்டுனோம்."

பெல்லார்மின் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

வந்தவர்கள் பலாமரத்து நிழலில் போய்ப் படுத்தார்கள். பெல்லார்மின் தொழுவத்துக்குப் போனார். அம்மா புல்லுக்கட்டோடு வந்து, கட்டை அவிழ்த்து மாட்டுக்குப் போட்டார்.

"அம்மா, நான் போனா கஸ்பாரைத் தள்ளிவிட்டுட்டு அந்த இடத்துல உக்காந்த மாதிரி ஆகும்."

அம்மா இன்னொரு பிடி புல்லை அள்ளிப் போட்டார்.

"போகலேன்னா, இவ்வளவு மரியாதை செஞ்சும் வரல, தலைக்கனம்பாங்க. வெள்ளையடிச்ச சுவர்ல மறுபடி தாரை ஊத்துவாங்க."

"ஊத்தலாம்."

"சரி, போயி அவங்க போடுத பொன்னாடையை வாங்கிக்கிட்டாலும் எத்தனை நாளைக்கு? அந்த ஆணிக்கு வேற படம் வரும்."

"வரும்."

"விலை போனவன்னு சொன்னாங்க. இப்ப தெய்வம்ங்காங்க. ரெண்டும் சொல்லுதது ஒரே வாய். நான் இதுல எதைம்மா எடுத்துக்கிட?"

அம்மா புல்லை உதறிப் பரப்பினார். "உங்க அக்காவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ஊரைவிட்டு வந்த அன்னைக்கு."

"அப்புறம் ஏன் போகல?"

"ஊர் என்ன சொல்லுமோன்னு..." சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"இந்த ஜீப் அக்கா வீட்டு வழியாப் போகுமா?"

"வாசலைத் தாண்டித்தான் மைதானம்."

"கஸ்பார் வீடு?"

"மணவாளத்துறை அங்கிருந்து பக்கம்தான். கடற்கரையோட நடந்தா போயிரலாம்."

பலாமரத்தடியில் ததேயுவும் ரெக்சனும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். போஸ்டா, பாரா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். காற்றில் அது இங்கே வரை கேட்டது. பெல்லார்மினுக்கு இந்தத் தடவை உள்ளே எதுவும் குத்தவில்லை. வேறு யாரோ அடித்த பந்தைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

அம்மா மாட்டின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"பின்ன என்ன, சரியான வண்டிதான் வந்திருக்கு. ஏறுங்க."